குளிசையை ஒருநாள் விட்டால் குடிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நல்லூரில் கொடி ஏறினால் 25 நாளும் மச்சமும் மதுவும் தொடாத ஆட்கள் எங்கள் ஊரில் நிறைய. சிக்கல் கொடி இறங்கிய பிறகுதான். வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான் போத்தலைத் திறந்ததும், மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிறவர் ஒரு கணக்குப் போடுவார்: "இண்டைக்குக் குளிசை போடேல்லை, அப்ப ரெண்டு பெக் அடிக்கலாம்."

மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் நின்ற காலத்தில் இந்தக் கணக்கை எத்தனையோ பேர் வாயால் கேட்டிருக்கிறேன். பிழையான கணக்கு. மனச்சோர்வுக்குத் தரும் புளூஒக்செற்றின் ஒருநாள் விட்டாலும் உடம்பில் வாரக்கணக்கில் நிற்கும். வென்லபக்சினோ ஒன்றிரண்டு வேளை தவறினாலே தலைசுற்றும், எரிச்சல் வரும், தலைக்குள் கரண்ட் அடித்ததுபோல் வெட்டும்.

எனக்கு ஆகக்கூடின பயம் அமிற்றிப்ரிலினில்தான். இதுவும் மனச்சோர்வு மருந்துதான், இரவில் போடும் சின்னக் குளிசை. நரம்பு வலிக்கும் தலையிடிக்கும்கூட எழுதுவார்கள் என்பதால், என்ன வகை மருந்து எடுக்கிறோம் என்றே பலருக்குத் தெரியாது. தானாகவே நித்திரையாக்கும் மருந்தோடு சாராயமும் சேர்ந்தால், மோட்டார் சைக்கிளில் வீடு போய்ச் சேருவது அதிர்ஷ்டம். "கள்ளு பனையிலயிருந்து வாறதுதானே?" என்று ஒரு ஐயா என்னோடு வாதாடினார். தவறணையில் பிளாவில் குடித்தாலும் உள்ளே போவது அதே மதுசாரம்தான், ஐயா.

கிளினிக்கில் "குடிக்கிறனீங்களோ?" என்று கேட்டால், பக்கத்தில் இருக்கிற மனைவியை ஒருக்கால் பார்த்துவிட்டு "இல்லை" என்பார்கள். குடிக்கிற இடத்தில் குளிசையைப் பற்றி மூச்சும் விடமாட்டார்கள். மதுவே மனதை இன்னும் கீழே இழுக்கும். சுகம் காணாததைப் பார்த்து டொக்டர் மருந்தின் அளவைக் கூட்டுவார். அவர் என்ன செய்வார், பாவம்?

இதை வாசித்துவிட்டு நாளாந்தம் நிறையக் குடிக்கிறவர் நாளைக்கே சடாரென்று நிறுத்தவும் வேண்டாம், வலிப்பு வரலாம். டொக்டரிடம் உண்மையைச் சொல்லி, அவர் சொல்கிறபடி குறையுங்கள். நேரில் சொல்லக் கூச்சமென்றால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926 இருக்கிறது.

மருந்தகங்களிடமும் ஒன்று கேட்கிறேன். குளிசை போட்டுத் தரும் கடதாசி உறையில் "இரவு 1" என்று எழுதுகிறீர்கள். அதற்குக் கீழே "மதுவோடு எடுக்க வேண்டாம்" என்று தமிழில் ஒரு முத்திரை குத்துங்கள். நான் வேலையில் இருந்தபோது இதைச் செய்யவில்லை. இப்போதுதான் உறைக்கிறது.

ஓய்வுபெற்ற மருந்தாளர்,
கொக்குவில்.