கழுத்து ஆபரேஷனுக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புடையீர்,

ரத்தத்தில் கால்சியத்தின் அளவைக் கட்டுப்படுத்தும், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகளுக்கான அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிவிட்டேன். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர், "காலுக்குத்தானே வைத்தியம், கழுத்தில் ஏன் கட்டு?" என்றார்கள். நியாயமான கேள்விதான்.

எங்களுடையது பரம்பரை ரிக்கெட்ஸ், எலும்பு வலுவிழந்து கால் வளையும் நோய். அப்பாவிடமிருந்து அக்காவுக்கும் எனக்கும் வந்தது, தம்பி தப்பித்தான். கோளாறு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் தகப்பன் வழியில் பெண் பிள்ளைகளுக்கு மட்டுமே இறங்கும். எலும்புக்குத் தேவையான பாஸ்பேட் என்ற தாது உப்பைச் சிறுநீரகம் தக்கவைக்காது. வெயிலில் நிற்பதாலோ பால் குடிப்பதாலோ சரியாகாது. சிறு வயதிலிருந்தே பாஸ்பேட் கரைசல் நாளைக்கு நாலைந்து வேளை, கூடவே வைட்டமின் டி வகை மருந்தான கால்சிட்ரியால். அவை இல்லாவிட்டால் இந்த அளவுக்கு நடந்திருக்க மாட்டேன். ஆனால் ஒவ்வொரு வேளை பாஸ்பேட்டும் பாராதைராய்டு சுரப்பிகளைக் கிளறிவிடும். ஆண்டுக்கணக்கில் கிளறப்பட்டு, கடைசியில் யார் பேச்சையும் கேட்காமல் அவை தாமாகவே சுரக்கத் தொடங்கின. ரத்தத்தில் கால்சியம் எகிறியது. முன்பு காட்டிய இடத்தில் பரிசோதனை எதுவும் இல்லாமல் பழைய சீட்டையே திரும்பத் திரும்ப எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

முதல் நன்றி ஸ்கேன் மருத்துவருக்கு. வயிற்று வலி என்றுதான் போனேன். திரையை என் பக்கம் திருப்பி, சிறுநீரகத்துக்குள் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்த சுண்ணாம்பைக் காட்டி, "என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் வெளிப்பட்டது.

அடுத்து, இரவுப் பணியில் இருந்த செவிலியருக்கு. சுரப்பிகளை எடுத்ததும், பசித்துக் கிடந்த எலும்புகள் ரத்தத்திலுள்ள கால்சியத்தை உறிஞ்சத் தொடங்கின. உதடு மரத்தது, விரல்கள் மடங்கி இழுத்தன. அவர் என் காதருகே கன்னத்தில் விரலால் தட்டினார், உதட்டோரம் துடித்தது; கால்சியம் குறைந்ததற்கான அடையாளம் அது. உடனே மருத்துவரை அழைத்தார். கால்சியம் ஊசி மருந்து மெல்ல மெல்ல இறங்கி முடியும்வரை இதயத் துடிப்புத் திரையிலிருந்து கண் எடுக்காமல் நின்றார். நடுவில் என் சடையைக்கூடச் சரிசெய்துவிட்டார்.

கடைகளில் கிடைக்காத பாஸ்பேட் கரைசலை அளந்து கலந்து தரும் மருந்தாளுநர், ரத்தம் கொடுக்க வந்து காத்திருந்த அலுவலக நண்பர்கள், உப்பில்லாமல் சமைத்துக் கொண்டுவந்த எதிர்வீட்டு அத்தை, படியேறும்போது கைகொடுத்த ஆட்டோக்கார அண்ணன், அனைவருக்கும் நன்றி. இந்த நோய்க்கான புரோசுமாப் என்ற ஊசிக்கு நிதி திரட்டுகிறோம் என்று முன்வந்தவர்களுக்கும்தான். அதன் விலை எங்களுக்கு எட்டாதது. இப்போதைக்கு வேண்டாம் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். திரட்டிய பணத்தைத் திருப்பித் தருகிறேன், தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு அடுத்த வாரம் ஸ்கேன். அதே மருத்துவரிடம்தான்.

நன்றியுடன்,
உங்கள் தங்கை