அத்தை, நீங்கள் இளைத்தது எனக்குப் பிடிக்கவில்லை

அன்புள்ள அத்தைக்கு,

இங்கு எல்லோரும் நலம். நலமறிய ஆவல் என்று எழுதப் போவதில்லை. உங்கள் நலம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதைச் சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை வந்தபோதே பார்த்துவிட்டேன். போனில் சொன்னால் "சரிடா, சரிடா" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். தெருவில் யாராவது கேட்டால்தான் உங்களுக்கு ரோஷம் வரும்.

எதிர்சேவை பார்த்துவிட்டு வந்து எல்லோரும் தரையில் இலை போட்டுச் சாப்பிட்டோமே, அன்றைக்கு நீங்கள் எழுந்த விதத்தைக் கவனித்தேன். வலது கையைத் தரையில் ஊன்றினீர்கள். முட்டி போட்டீர்கள். கதவு நிலையைப் பிடித்து ஒரு மூச்சு நிதானித்து, அப்புறம்தான் எழுந்தீர்கள். யாரும் கவனிக்கக் கூடாதென்று அந்த நேரம் பார்த்துப் பேரனைத் திட்டிக்கொண்டே எழுந்தீர்கள் பாருங்கள், அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

காமராஜர் சாலையில் 30 வருஷம் இட்லிக் கடை போட்ட கால்கள் அவை. மூன்றரை மணிக்கு எழுந்து மாவாட்டி, குடம் தூக்கி, அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்து, ஒரு நாளைக்கு எத்தனை தடவை உட்கார்ந்து எழுந்திருப்பீர்களோ, யார் எண்ணினார்கள். கடையை மூடினீர்கள், சுகர் வந்தது, கூடவே சாப்பாட்டைக் கண்டால் பயமும் வந்தது.

டாக்டர் குறைக்கச் சொன்னது சோற்றை. நீங்கள் பருப்பு, மீன், முட்டை, தயிர் எல்லாவற்றையும் சேர்த்துக் குறைத்தீர்கள். ஒரே வருஷத்தில் 60 கிலோ 52 ஆகிவிட்டது. "நல்லா சிக்குனு ஆயிட்டீங்க" என்று சொந்தக்காரர்கள் பாராட்டுகிறார்கள். பிசியோதெரபி பார்க்கிற எனக்கு அதில் பாராட்ட எதுவும் தெரியவில்லை. நம் ஊரில் சதை என்றாலே தொப்பையைத்தான் நினைக்கிறோம். நான் சொல்வது தொடையிலும் பிட்டத்திலும் இருக்கிற தசை. 60 வயதுக்கு மேல் அது தானாகவே வேகமாகக் கரையும். அரைப்பட்டினி கிடந்தால் இன்னும் வேகமாக. ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு தானாகக் குறைந்தாலே ஏன் என்று பார்க்க வேண்டும் என்பார்கள். உங்களுக்குப் பதின்மூன்று பங்கு குறைந்திருக்கிறது. சாப்பாடுதான் காரணமா, தைராய்டு மாதிரி வேறு ஏதாவதா என்று முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

இனி கணக்கு. கடைக் கல்லாவில் என்னை ஏமாற்ற விடாத ஆள் நீங்கள், இதையும் சரிபாருங்கள். காலையில் மூன்று இட்லி, புரதம் 6 கிராம். இரண்டு வேளை காபியில் இருக்கிற பாலுக்கு 6. மதியம் ஒரு கப் சோறு, தண்ணியாக ஒரு சாம்பார், மோர் எல்லாம் சேர்த்து 10 வந்தால் அதிகம். ராத்திரி இரண்டு சப்பாத்தி, அது ஒரு 6. மொத்தம் 28. 65 தாண்டியவர்களுக்குக் கிலோவுக்கு ஒன்று முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்கிறார்கள் வல்லுநர்கள். உங்கள் எடைக்கு 52 முதல் 62. பாதிதான் உள்ளே போகிறது. (அந்தச் சப்பாத்தி விஷயம் வேறு. அரிசியை விட்டுக் கோதுமைக்கு மாறினால் சுகர் போய்விடும் என்று உங்களுக்கு யார் சொன்னது? இரண்டும் மாவுச்சத்துதான். எத்தனை சாப்பிடுகிறோம், கூட எதைச் சாப்பிடுகிறோம் என்பதுதான் பேச்சு.)

மீதியை ஈடுகட்டப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. இரண்டு முட்டைக்கு 12 கிராம். சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல். கடலை கடிக்கப் பல் ஒத்துழைக்காது என்றால் குழைய அவித்துக்கொள்ளுங்கள். சாம்பாரில் பருப்பு தெரியட்டும். வாரத்தில் இரண்டு நாள் மீன். அயிரை மீன் குழம்பு வைத்துவிட்டு நீங்கள் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டு மீனையெல்லாம் பேரன் தட்டில் தள்ளுகிற பழக்கம் இத்தோடு நிற்க வேண்டும். எல்லாவற்றையும் மதியமே சாப்பிட்டுவிடாமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். வயதான தசைக்கு ஒரு வேளையில் கொஞ்சமாகக் கொடுத்தால் உறைக்காது, அதனால் ஒவ்வொரு வேளையும் போதுமான அளவு இருக்கட்டும். ஒன்று மட்டும், கிட்னி ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் இதை ஆரம்பிக்க வேண்டும்.

"சுகருக்காகத்தானே குறைச்சேன்" என்பீர்கள். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்வது தசைதான். வீட்டில் இருந்த பத்தாயத்தை உடைத்துவிட்டு நெல்லை எங்கே கொட்டுவது? அப்புறம், சுகர் மாத்திரையில் சில வகை, சாப்பிடாமல் போட்டால் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும். தலைசுற்றிப் பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். சாப்பாட்டைக் குறைத்த விஷயத்தை உங்கள் டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள்.

போன வாரம் போனில் ஒரு சோதனை செய்யச் சொன்னேனே, கைகளை நெஞ்சில் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று? உங்கள் வயதுப் பெண்களுக்குப் பத்துக்குக் கீழே போனால் விழுகிற ஆபத்து உண்டு என்று கணக்கு. நீங்கள் ஆறு. அதிலும் ஒன்று கள்ள ஆட்டம், கை வைத்த சத்தம் கேட்டது.

72 வயதில் இனிமேல் என்ன பலம் வரப்போகிறது என்று நினைக்காதீர்கள். 1990-இல் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் நடந்த ஆய்வு இது. 86 முதல் 96 வயது வரை பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முழுதாக முடித்தது ஒன்பது பேர். கால் பலம் சராசரியாக இரண்டரை மடங்கைத் தாண்டியது. அவர்களோடு பார்த்தால் நீங்கள் சின்னப் பிள்ளை.

உங்களை ஜிம்முக்குப் போகச் சொல்லவில்லை. கடையில் போட்டிருந்த மர நாற்காலி பரண் மேல் கிடக்கிறது, அதை இறக்கச் சொல்லுங்கள். சுவரோடு ஒட்டிப் போட்டு, கை ஊன்றாமல் எட்டுத் தடவை எழுந்து உட்காருங்கள். கொஞ்சம் ஓய்வு, மறுபடி எட்டு. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு பால் பொங்குகிற வரைக்கும் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். வாரத்தில் மூன்று நாள் செய்தால் போதும். முடிந்தால் சாயங்காலம் தெப்பக்குளம் ஒரு சுற்று, சுமார் 1.2 கிலோமீட்டர் வரும். பாதியில் உட்கார்ந்து பேச உங்களுக்கு ஆளா இல்லை. நடையே போதும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள், நாற்காலிதான் முக்கியம்.

ஆடி மாதம் வருகிறேன். வாட்ச் என் கையில்தான் இருக்கும்.

உங்கள் மருமகன்

பி.கு.: முட்டையில் வெள்ளையை மட்டும் சாப்பிட்டு மஞ்சள் கருவை வாசல் நாய்க்குப் போடுவதாகக் கேள்விப்பட்டேன். முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய பாதி அதில் இருக்கிறது. நாய்க்கு வேறு ஏதாவது போடுங்கள்.