கடுதாசி வாசிக்கச் சொன்ன அப்பத்தாவுக்கும், உங்கள் எல்லாருக்கும்

பங்கில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கிற நம் அன்பியத்து உறவுகளுக்கும், தேவகோட்டையிலும் காரைக்குடியிலும் எங்களைத் தாங்கிப் பிடித்த எல்லாருக்கும்,

என் வீட்டுக்காரர் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார், தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுப் பேசுகிறார். என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

இரத்தம் கொடுக்க ராத்திரியோடு ராத்திரியாக மதுரைக்கு பஸ் ஏறி வந்த தம்பிகள், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் அவருடைய வேலையையும் சேர்த்துப் பார்த்த கூட்டாளிகள், என் பங்குத் தேன்குழலையும் சீடையையும் தாங்களே சுட்டுவிட்டுக் கூலியை என் மாமியார் கையில் கொடுத்த பலகாரக் கூடத்து அக்காமார், பணம் தந்துவிட்டுத் திருப்பித் தருகிற பேச்சையே எடுக்க விடாத ஆச்சி, மருத்துவமனையில் பெயர்கூடக் கேட்காமல் எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டுவந்த அடுத்த கட்டில்காரரின் மனைவி... உங்கள் ஒவ்வொருவரையும் தினமும் செபத்தில் நினைக்கிறேன். கடவுள் உங்கள் பிள்ளைகுட்டிகளை நன்றாக வைக்கட்டும்.

ஆனால் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் செய்தது உங்களில் பலருக்குத் தெரியாது. எனக்கே பிறகுதான் முழுசாகத் தெரிந்தது.

எங்கள் தெருக்கோடி அப்பத்தா. எழுதப் படிக்கத் தெரியாதவர். நான் அவரோடு மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வீட்டில் மாமியாரும் பிள்ளைகளும்தான். மூத்தவள் ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் போவாள், வருவாள், யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று மாமியார் போனில் அழுவார். ஒரு நாள் சாயங்காலம் கோயில் மணி அடித்து மூவேளைச் செபம் முடிந்த நேரத்தில் அப்பத்தா வந்திருக்கிறார். ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லையாம். மாடத்தில் இருந்த விவிலியத்தை எடுத்து என் மகள் மடியில் வைத்து, “ஆத்தா, எனக்கு எழுத்து தெரியாது. பூசையில யாக்கோபு கடுதாசின்னு வாசிச்சாக, பாதிதான் காதுல விழுந்துச்சு. நீ வாசி, நான் கேக்குறேன்” என்றாராம்.

அவளும் வாசித்திருக்கிறாள். சும்மா நாலைந்து வசனம். மறுநாளும் அதே நேரத்துக்கு அப்பத்தா வந்து உட்கார்ந்துவிட்டார். விவிலியத்தில் யாக்கோபு எழுதிய அந்தக் கடுதாசி, அதாவது யாக்கோபு திருமுகம், சின்னதுதான், 5 அதிகாரம், 108 வசனம். அதை அவர் அவசரமே இல்லாமல் கேட்டிருக்கிறார். “மறுபடி வாசி” என்பாராம். “அப்படின்னா என்னத்தா?” என்பாராம். மூன்றாம் அதிகாரத்தில் பெரிய கப்பலைச் சின்னச் சுக்கான் திருப்புகிறது என்று வருகிறதே, அந்த இடத்தில் சுக்கான் எப்படி இருக்கும் என்று கேட்டுவிட்டார். இவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் பள்ளியில் டீச்சரிடம் போய்க் கேட்டு, நோட்டில் படம் வரைந்து வாங்கிக்கொண்டு வந்து காட்டியிருக்கிறாள். அத்தனை நாள் ஊமையாய்த் திரிந்த பிள்ளை தானாகப் போய் ஒருவரிடம் பேசியது அன்றைக்குத்தான். பேசு என்று கெஞ்சியிருந்தால் பேசியிருக்க மாட்டாள். ஒரு பெரிய மனுஷிக்குத் தன்னால் ஆகவேண்டிய வேலை இருக்கிறது என்றதும் பேசிவிட்டாள். அப்பத்தாவின் ஞானத்தை நினைத்து நினைத்து வியக்கிறேன்.

அப்புறம் ராத்திரி எனக்குப் போன் செய்து, அன்றைக்கு வாசித்ததைச் சொல்வாள். அப்படித்தான் அந்தத் திருமுகம் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்து சேர்ந்தது. எனக்கு அப்போது செபம் சொல்ல நாக்கே எழவில்லை. நம்பிக்கை சோதிக்கப்படும்போது மன உறுதி பிறக்கும் என்று தொடங்குகிற யாக்கோபு, அடுத்த மூச்சிலேயே, ஞானம் குறைவுபட்டால் கடவுளிடம் கேளுங்கள், அவர் முகம் கோணாமல் கொடுப்பார் என்கிறார். இந்த இரண்டும் ஏன் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்று மதுரையில்தான் எனக்கு விளங்கியது. அங்கே தாங்கிக்கொண்டு இருப்பது மட்டும் போதாது. தினமும் ஏதாவது ஒன்றை முடிவு செய்ய வேண்டும். எங்கே கையெழுத்துப் போடுவது, எதை அடகு வைப்பது, யாரை நம்புவது. “ஆண்டவரே, இன்றைக்கு வேண்டியதை மட்டும் காட்டும்” என்று கேட்கத் தொடங்கினேன். பெரிய வெளிச்சம் ஒன்றும் வரவில்லை. ஆனால் “புரியலை டாக்டர், இன்னொரு தடவை சொல்லுங்க” என்று கூச்சப்படாமல் கேட்கிற தைரியம் வந்தது. அதுவும் ஆண்டவர் கொடுத்ததுதான் என்று முழு மனசோடு நம்புகிறேன்.

நம் பங்குச் சாமியார் மதுரைக்கு வந்து அவருக்கு நோயில்பூசுதல் கொடுத்த அன்று ராத்திரி மகளிடம் சொன்னேன். “தெரியும்மா, எண்ணெய் பூசிச் செபிக்கிறது அஞ்சாம் அதிகாரத்துல இருக்கு, அப்பத்தாவுக்கு வாசிச்சேன்” என்றாள். நான் எவ்வளவோ நாளைக்குப் பிறகு அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

திருமுகம் முடிந்த பிறகும் அப்பத்தா வருவதை நிறுத்தவில்லை. போர்ச்சுகலிலிருந்து இங்கே வந்து வேதம் போதித்த சாமியார், புனிதர் ஓரியூர் அருளானந்தரின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார். 1686-இல் இதே மறவர் சீமையில் அவரைப் பிடித்து வதைத்தார்கள். பிறகு போர்ச்சுகலுக்குப் போனார். அங்கேயே இருந்துவிடலாம், அரசரே இருக்கச் சொன்னார். ஆனாலும் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் வெட்டுப்பட்டார். “தப்பிச்சுப் போனவரு ஏன் அப்பத்தா திரும்பி வந்தாரு?” என்று சின்னவன் கேட்டானாம். “அவரை நம்புன சனம் இங்கதானடா இருந்துச்சு” என்றாராம். சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஓரியூர் போய்ச் செம்மண் எடுத்து வந்திருக்கிறேன். வெட்டுப்பட்டதையே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தத் திரும்பி வந்த பயணம் பெரிதாகத் தெரிந்தது இப்போதுதான். பட்ட இடத்துக்கே மறுபடி வருவதற்கு எவ்வளவு மன உறுதி வேண்டும்!

அப்பத்தாவிடம் போய்க் காலைத் தொட்டு நன்றி சொன்னேன். “போத்தா, நான் என்ன செஞ்சேன், அவதான் வாசிச்சா” என்று கையைத் தட்டிவிட்டார். அதனால்தான் எல்லார் முன்னாலும் எழுதுகிறேன்.

ஒன்றை வாக்காகவும் சொல்கிறேன். இனி நம் அன்பியத்தில் யார் வீட்டிலாவது பெரியவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தால், அந்த வீட்டுப் பிள்ளைகளோடு சாயங்காலம் நானும் என் மகளும் போய் உட்காருவோம். கூப்பிட வேண்டாம், தகவல் தெரிந்தால் போதும்.

அப்பத்தா அடுத்து விவிலியத்தில் சீராக்கின் ஞானம் என்கிற நூலைக் கேட்கிறார். அது 51 அதிகாரம், மகள் ஆரம்பித்துவிட்டாள். கேட்க வருகிறவர்கள் மணி அடித்ததும் எங்கள் திண்ணைக்கு வாருங்கள். என் வீட்டுக்காரரும் அங்கேதான் இருப்பார், உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார்.