ஐக்கிய சங்கத்தின் ஆண்டறிக்கை: ‘என்னோடேகூட விழித்திருங்கள்’

தலைவர் அவர்களே, போதகர் ஐயா அவர்களே, சங்கத்தின் சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

எந்த மாதம் எந்தக் கூட்டம் நடந்தது, யார் செய்தி கொடுத்தார்கள் என்ற பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அவை இரண்டையும் இங்கே திரும்பச் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்க விரும்பவில்லை. இந்த ஆண்டு சங்கம் எதைப் பற்றி அதிகம் யோசித்தது, அதனால் எது மாறியது, எது மாறவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஆண்டு வசனமாக நாம் எடுத்துக்கொண்டது யாக்கோபு 4:7: “தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள்.” கமிட்டியில் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. சுலபமான வசனம், எல்லாருக்கும் தெரிந்த வசனம் என்று நினைத்தோம். ஆனால் சந்திப்பு ஊழியத்துக்குப் போய் வந்தவர்கள் ஒரு சங்கடத்தோடு திரும்பினார்கள். துக்க வீட்டிலும், நோயாளியின் கட்டில் அருகிலும், வேலை இழந்தவரிடமும், சபையார் முதலில் சொல்லும் வார்த்தை “கர்த்தருடைய சித்தம், ஏத்துக்கோங்க” என்பதாகவே இருக்கிறது. சொன்னவர் கடமை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார். கேட்டவருக்கோ அதற்கு மேல் அழக்கூட அனுமதி இல்லாமல் போய்விடுகிறது. அழுதால் விசுவாசக் குறைவு என்று நினைப்பார்களே!

இதைக் கமிட்டியில் வெகுநேரம் பேசினோம். பிறகு போதகர் ஐயா வேதபாடத்தின் வரிசையையே மாற்றி, சிலுவைக்கு முந்தின இரவு இயேசு ஜெபித்த கெத்செமனே தோட்டத்தில் தொடங்கினார். அந்த வாரங்களில் கிடைத்ததைக் கொஞ்சம் விரிவாகவே பதிவு செய்கிறேன். வராதவர்களுக்கும் அது சேர வேண்டும்.

மத்தேயு 26-ஐ நிதானமாக வாசித்தால் இயேசு மூன்று முறை ஜெபித்தார் என்பது தெரியும். முதல் முறை, கூடுமானால் இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகும் பாடு, என்னைவிட்டு நீங்கட்டும் என்று கேட்கிறார். இரண்டாம் முறை ஜெபம் சற்று மாறுகிறது: நான் குடித்தாலொழிய இது நீங்காது என்றால் உம்முடைய சித்தத்தின்படி ஆகட்டும் என்கிறார். மூன்றாம் முறை அதே வார்த்தைகளைத் திரும்பச் சொல்கிறார். தேவகுமாரனே ஒரே மூச்சில் சொல்லி முடிக்காத ஜெபத்தை, நேற்று மகனை அடக்கம் செய்துவிட்டு வந்த தாய் இன்றைக்கே சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு என்ன உரிமை?

இன்னொன்றும் அங்கே இருக்கிறது. ஜெபிக்கப் போகும் முன் அவர் பேதுருவையும் செபெதேயுவின் குமாரர் இருவரையும் கூட்டிப்போய், “நீங்கள் இங்கே தங்கி, என்னோடேகூட விழித்திருங்கள்” என்று கேட்கிறார். அறிவுரை கேட்கவில்லை. விளக்கம் கேட்கவில்லை. பக்கத்தில் இருங்கள், தூங்காதீர்கள், அவ்வளவுதான். அதைக்கூட அவர்களால் செய்ய முடியவில்லை. லூக்கா மட்டும் இன்னொரு விவரம் தருகிறார்: வானத்திலிருந்து ஒரு தூதன் தோன்றி அவரைப் பலப்படுத்தினான். அந்தத் தூதன் வந்த பிறகும் பாத்திரம் நீங்கவில்லை, வேதனையும் குறையவில்லை. அதற்கு அடுத்த வசனத்தில்தான் அவர் அதிக ஊக்கமாய் ஜெபம்பண்ணினதும், வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்ததும் வருகிறது.

கீழ்ப்படிதல் என்பது கஷ்டப்படுகிறவர் தன் வாயால் தேவனிடம் சொல்ல வேண்டிய ஜெபம். நாம் அவருக்காகச் சொல்லி முடித்துவிடக்கூடாது. அவர் சொல்லும் வரைக்கும் கூட இருப்பதே நம் வேலை. சங்கத்தின் இந்த ஆண்டு வேலைகள் அனைத்தும் இந்த ஒரு எண்ணத்தைச் சுற்றியே நடந்தன.

பிள்ளைகளையும் ஆஸ்தியையும் சுகத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்களைப் பற்றிப் படித்தபோதும் இதே பாடம். ஏழு நாளும் ஏழு இரவும் அவர்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அது வரைக்கும் அவர்களைக் குறைசொல்ல ஒன்றுமே இல்லை. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது! கடைசி அதிகாரத்தில் கர்த்தர் கோபித்துக்கொண்டது, புலம்பித் தீர்த்த யோபுவிடம் அல்ல. தம்மைப் பற்றி நிதானமாகப் பேசாமற்போன அந்தச் சிநேகிதர்களிடம். அவர்களுக்காக யோபு வேண்டுதல் செய்ய வேண்டியதாயிற்று.

அப்போஸ்தலர் 21-ஆம் அதிகாரத்துக்கும் ஒரு வெள்ளிக்கிழமை முழுவதும் போனது. எருசலேமுக்குப் போனால் கட்டப்படுவாய் என்று பவுலுக்குச் சொல்லப்படுகிறது. நண்பர்கள் அழுது தடுக்கிறார்கள். நீங்கள் அழுது என் இருதயத்தை உடைந்துபோகப் பண்ணுகிறதென்ன என்று அவர் கேட்கிறார். பிறகே அவர்கள், “கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது” என்று அமர்ந்தார்கள். நாம் சாவு வீட்டில் சுலபமாக எடுத்து நீட்டுகிற அதே வாக்கியம்தான் இது. ஆனால் இங்கே இதைச் சொன்னவர்கள் இழக்கப்போகிறவர்கள். அழுது முடித்த பின் தங்களுக்காகவே சொல்லிக்கொண்டவர்கள். இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டியவர் வேதபாடத்தில் வழக்கமாகப் பின்வரிசையில் அமைதியாக உட்காரும் ஒரு தம்பி. பின்வரிசைக்காரர்கள் இனி இன்னும் கொஞ்சம் பேசலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

சரி, நடைமுறையில் என்ன செய்தோம்?

முதலாவது, சாட்சி நேரம். பரீட்சையில் தேறினேன், சுகமானேன், வழக்கு ஜெயித்தது என்பவை மட்டுமே அதில் வந்துகொண்டிருந்தன. அவற்றுக்காக ஸ்தோத்திரம். ஆனால் ஜெபித்தும் சுகம் கிடைக்காதவர்கள் மெல்லப் பின்வாங்கி, அந்த வேளையில் வெளியே போய் நிற்கத் தொடங்கியிருந்தார்கள். சங்கீதப் புத்தகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். 88-ஆம் சங்கீதத்துக்கு நம்பிக்கையான முடிவுகூடக் கிடையாது. சிநேகிதனும் தோழனும் தூரமாய்ப் போய்விட்டார்கள் என்பதோடு அது நின்றுவிடுகிறது. அந்தச் சங்கீதம் வேதத்தில் இருக்கலாம் என்றால், அப்படிப்பட்ட சாட்சி நம் கூடுகையிலும் இருக்கலாம் என்று கமிட்டி முடிவு செய்தது. இப்போது “இன்னும் காத்திருக்கிறேன்” என்று சொல்லவும் ஒருவர் எழுந்து நிற்கலாம். யாரும் உடனே வசனம் சொல்லிப் பதில் கொடுக்கக்கூடாது. ஒரு நிமிடம் மௌனம், பிறகு ஜெபம். தொடக்கத்தில் இது சிலருக்குப் பிடிக்கவில்லை. கூட்டம் சோர்வாகிவிடும் என்றார்கள். உண்மையில் வெளியே நின்றவர்களில் சிலர் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். இதை ஒரு பெரிய மாற்றமாகவே நான் எண்ணுகிறேன்.

இரண்டாவது, சந்திப்பு ஊழியம். இதற்கு 1 தெசலோனிக்கேயர் 5:14-ஐ வழிகாட்டியாக வைத்தோம். ஒழுங்கில்லாதவர்களுக்குப் புத்திசொல்லுங்கள், திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள் என்று பவுல் மூன்று பேருக்கு மூன்று விதமாகச் சொல்கிறார். நாம் பெரும்பாலும் மூன்று பேருக்கும் புத்தியே சொல்லிவிடுகிறோம். அதனால் போகிறவர்கள் போகும் முன் ஒரு கேள்வியைத் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று வைத்தோம்: இவருக்கு இன்று வேண்டியது புத்தியா, தேறுதலா, கைத்தாங்கலா? எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்றான். திரும்பத் தூங்கவிட்டான். மறுபடியும் சாப்பிடு என்றான். கர்த்தர் பேசினது அதற்கு நாற்பது நாளைக்கு அப்புறம்.

சந்தா வசூலையும் இதோடு சேர்த்தோம். இந்த யோசனை புதிதல்ல. 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கூட்டத்தார், கட்டடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று முடிவு செய்தார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒரு பொறுப்பாளர் வீதம், வாரந்தோறும் போய் வாங்கி வருவது என்று ஏற்பாடு. வாங்கப் போனவர்கள் வீட்டுக்குள் இருந்த நிலைமையைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்தப் பன்னிரண்டு பேர் ஏற்பாடு பண வசூலைத் தாண்டி ஆத்தும விசாரணையாக மாறி, மெதடிஸ்ட் இயக்கத்தின் முதுகெலும்பாகவே ஆனது. நம்முடைய சந்தா வசூலிப்பவர்களும் இப்போது ரசீதுப் புத்தகத்தோடு பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். வசூல் கொஞ்சம் தாமதமாகிறது என்று பொருளாளருக்கு வருத்தம் உண்டு. அதை அவரே சொல்வார்.

வயதானவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஓடியாடி ஊழியம் செய்தவர்கள் இப்போது படுக்கையில் இருக்கிறார்கள். கீழ்ப்படிதல் என்றாலே ‘போ, செய்’ என்று மட்டும் புரிந்துகொண்ட நமக்கு, ஒன்றும் செய்ய முடியாமல் கிடப்பதும் கீழ்ப்படிதலாக இருக்கும் என்று தோன்றுவதில்லை. வெஸ்லி 1755-இல் தொடங்கிய உடன்படிக்கை ஆராதனை இன்றும் மெதடிஸ்ட் வழிச் சபைகளில் பெரும்பாலும் ஆண்டின் தொடக்கத்தில் நடக்கிறது. இன்று வழங்கும் அதன் ஜெபத்தில், உமக்காக என்னைப் பயன்படுத்தினாலும் சரி, உமக்காக என்னை ஒதுக்கி வைத்தாலும் சரி என்று ஒரு விண்ணப்பம் வருகிறது. இதை நம் மூத்தவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டியபோது அவர் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு ஜெபக்குறிப்புகளைத் தன்னிடம் வாராவாரம் கொண்டுவரும்படி கேட்டார். இப்போது மூத்தவர்கள் சிலருக்கு அந்தக் குறிப்புகள் பெரிய எழுத்தில் போகின்றன.

மூன்றாவதாக ஒரு கண்டிப்பான தீர்மானம். வீட்டில் அடியும் உதையும் வாங்குகிறவரிடம் கீழ்ப்படிதலைப் பற்றியோ பொறுத்துப்போவதைப் பற்றியோ சங்கத்தின் பெயரால் யாரும் பேசக்கூடாது. சவுல் ராஜா ஈட்டியை எறிந்தபோது தாவீது அதைச் சித்தம் என்று ஏற்று நிற்கவில்லை. விலகித் தப்பி ஓடினான். காட்டில் ஒளிந்திருந்தவனைத் தேடிப்போய், தேவனுக்குள் அவன் கையைத் திடப்படுத்தினவன் சவுலின் மகனே. இப்படிப்பட்ட நிலையில் பாதுகாப்பான இடம், சட்ட உதவி, வைத்தியம் இவைதான் முதலில். இதில் கமிட்டி ஒருமனப்பட்டது.

கமிட்டி ஒருமனப்படாத விஷயங்களும் உண்டு. கூடுகையின் நேரத்தை மாற்றும் பேச்சு இந்த ஆண்டு மூன்று கூட்டங்களைத் தின்றது. இரு தரப்பும் தங்களுக்குக் கர்த்தர் உணர்த்தினார் என்றார்கள். இரண்டு வேறு நேரங்களை! எபேசியர் 5:21 ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள் என்கிறது. அதில் தலைவர், செயலாளர், வாலிபர் என்ற பிரிவு இல்லை. கடைசியில் குழந்தைகளோடு வரும் தாய்மாரின் வசதியைக் கேட்டு அதன்படி வைத்தோம். கடிகார விஷயத்தில் தேவசித்தத்தைச் சாட்சிக்கு இழுப்பதில்லை என்று ஒரு வாய்மொழி ஒப்பந்தமும் ஆயிற்று. மினிட்ஸில் எழுத வேண்டாம் என்றார்கள். அறிக்கையில் எழுத வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வாலிபர் வருகை குறைந்திருக்கிறது. ஒரு முறை பொறுப்பெடுத்துச் சரியாகச் செய்யாத பிள்ளைகளை நாம் இரண்டாம் முறை கூப்பிடுவதில்லை என்பது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மாற்கு, பவுலோடும் பர்னபாவோடும் ஊழியத்துக்குப் போய், பம்பிலியாவில் பாதியில் திரும்பிப் போனவன். அடுத்த பயணத்துக்கு அவன் வேண்டாம் என்றார் பவுல். கூட்டிக்கொண்டு போகலாம் என்றார் பர்னபா. கடுங்கோபம் மூண்டு இருவரும் பிரிந்தே போனார்கள். பல ஆண்டுகள் கழித்து அதே பவுல், மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். நடுவில் அவனைச் சேர்த்துக்கொண்ட பர்னபா இல்லாவிட்டால் அந்த வரிக்கு வாய்ப்பே இருந்திருக்காது. பவுல் இன்னும் சவுல் என்று அழைக்கப்பட்ட நாளில், எருசலேமில் எல்லாரும் அவனுக்குப் பயந்தபோது அவனைக் கையோடு அழைத்து வந்தவரும் அதே பர்னபாதான். வரும் ஆண்டில் ஒவ்வொரு பொறுப்புக்கும் பெரியவர் ஒருவரோடு வாலிபர் ஒருவரையும் இணைக்கக் கமிட்டி பரிந்துரைக்கிறது. சொதப்பினாலும் மறுமுறை அவரையே அழைக்க வேண்டும் என்பது நிபந்தனை.

பெண்கள் ஐக்கியம் எப்போதும்போல் நன்றாக நடக்கிறது. பாடகர் குழுவுக்குப் புதிய ஆட்கள் தேவை. நூலக அலமாரியின் சாவி இன்னும் கிடைக்கவில்லை.

போதகர் ஐயாவுக்கும், வீட்டைத் திறந்து கொடுத்த குடும்பங்களுக்கும், நோயாளிகளோடு இரவுகளில் மாறி மாறி உட்கார்ந்தவர்களுக்கும் சங்கத்தின் நன்றி. அவர்கள் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு வேதபாடம் பிலேமோன் நிருபத்தில் தொடங்கும். ஒரே அதிகாரம், வீட்டிலேயே வாசித்துவிட்டு வாருங்கள். இரவு நேரத் துணைக்கு வர முடிந்தவர்கள், எந்தக் கிழமை என்று குறித்து, கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும்தான் ஆள் இல்லை.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்