கோடியக்கரை, கோடியக்காடு: நம் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, கோடியக்கரையிலிருந்தும் கோடியக்காட்டிலிருந்தும் வந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, தம்பிமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் காடு 1967-இல் வனவிலங்குச் சரணாலயம் ஆனது, 2002-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது என்பதையெல்லாம் நம்மூர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே ஒப்பிக்கும். போன வருட அறிக்கையில் பாதி அதிலேயே போய்விட்டது என்று சிலர் குறைபட்டார்கள். அதனால் இந்த முறை நேராக வேலைக்கு வருகிறேன்.

முதலில் ஆமை. மார்கழி தொட்டுப் பங்குனி வரை பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) கரையேறி முட்டையிடும் காலத்தில், நம் உறுப்பினர்கள் முறை வைத்து வனத்துறைக் காவலர்களோடு இரவில் கரை நடந்தார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தடம் பார்க்கக் கற்றுக்கொடுத்தது நம் மூத்த மீனவ உறுப்பினர் ஒருவர். டிராக்டர் டயர் ஏறிப்போனது மாதிரி ஒரு தடம் கடலிலிருந்து ஏறும், இன்னொன்று கடலுக்கு இறங்கும். இரண்டும் சேருகிற இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். ஆமை தன் வயிற்றால் தட்டி மூடிவிட்டுப் போவதால் குழி எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. மெல்லிய குச்சியை மெதுவாக ஊன்றிப் பார்க்க வேண்டும். கெட்டி மணலில் குச்சி நிற்கும். குழி இருந்தால் சட்டென்று இறங்கும். அங்கே நிறுத்திவிட்டுக் கையால்தான் தோண்ட வேண்டும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும். இட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்து, உருட்டாமல், எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே இருக்கும்படி பொரிப்பகத்துக் குழியில் வைக்க வேண்டும். தாமதித்து எடுத்தால், புரட்டினால், உள்ளே கரு செத்துப்போகும். விட்டுவைத்தாலோ நாயும் நரியும் விடாது. மணல் சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண் குஞ்சு என்பதால், பொரிப்பகத்துக்கு எவ்வளவு நிழல் போடுவது என்பதுகூட யோசித்துச் செய்கிற வேலைதான். முட்டைக் கணக்கும் குஞ்சுக் கணக்கும் வனத்துறைப் பதிவேட்டில் இருக்கின்றன. அதை நம் கணக்காகச் சொல்லிக்கொள்வது சரியில்லை என்பது என் கருத்து.

2025 ஜனவரியில் சென்னைப் பக்கம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். நம் கரையில் செத்த ஆமை ஒதுங்குவதும் புதிதில்லை. ஆமைக்கு மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். விசைப்படகு இழுத்துச் செல்லும் இழுவைமடி வலைக்குள் மாட்டி மணிக்கணக்கில் இழுபட்டால் மூச்சு முட்டிச் சாகிறது. இதை வைத்து, அக்டோபர் தொடங்கி சீசனுக்கு வந்து கொட்டகை போட்டுத் தங்கும் வெளியூர் மீனவர்களிடமும் பேசினோம். “சிக்கினால் வலையை அறுத்து விட்டுவிடுங்கள்” என்றோம். “வலைக்காசை உங்க சங்கம் குடுக்குமா?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, நம்மிடம் பதில் இல்லை. அறுந்த வலைக்கு இழப்பீடு கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். ஃபைபர் படகுக்காரர் தலையில் மட்டும் பாரத்தை ஏற்றிவிட்டு, கரையோரம் இழுக்கும் விசைப்படகைக் கேட்காமல் விட்டால் ஆமை பிழைக்காது என்றும் அதில் எழுதியிருக்கிறோம்.

அடுத்து சீமைக்கருவை. இந்த வருடம் செயற்குழுவில் அதிகம் சத்தம் எழுந்தது இதற்குத்தான். வெளிமானுக்கு வேண்டியது வெட்டவெளிப் புல்தரை. நாலாபக்கமும் கண் எட்டினால்தான் அது நிற்கும், மேயும். கருவை ஏற ஏற வெளி சுருங்குகிறது. அதன் காய் இனிப்பு என்பதால் மானும் தின்கிறது, மட்டக்குதிரையும் தின்கிறது, நம் மாடும் தின்கிறது. சாணத்தோடு விழுகிற விதை அங்கேயே முளைக்கிறது. மேலாக வெட்டிவிட்டால் தூரிலிருந்து நாலு கிளையாக எழும். வேரோடு பிடுங்க வேண்டும், பிடுங்கிய இடத்தை அடுத்த இரண்டு மழைக்கும் திரும்பிப் பார்க்க வேண்டும். பிடுங்குவதற்குத்தான் பணம் ஒதுக்குகிறார்கள். திரும்பிப் பார்க்க யாரும் ஒதுக்குவதில்லை.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் விறகுக்கு எங்கே போவது என்று மகளிர் உறுப்பினர்கள் கேட்டார்கள். வீட்டுக்கு வீடு கேஸ் இருக்கிறதே என்று ஒருவர் சொல்ல, “சிலிண்டர்ல சோறு வடிக்கிறேன், வெந்நீரும் நெல்லு அவிக்கிறதும் அதுலயா?” என்று பதில் வந்தது. கடைசியில் ஒப்புக்கொண்டது இது: வெளிமான் மேயும் புல்வெளிகளில் கருவை ஒன்றுகூட இருக்கக் கூடாது, ஊரை ஒட்டிய பகுதியில் எடுக்கும்போது விறகை நம்மூர்க் குடும்பங்களுக்கே கொடுக்க வேண்டும், பிடுங்கிய இடத்தைப் பராமரிக்கும் கூலி வேலையும் நம்மூர் ஆட்களுக்கே வர வேண்டும். வெளியூர் ஒப்பந்தக்காரர் லாரியோடு வந்து, லாரியோடு போய்விடுகிறார். முளைப்பதைப் பார்த்துக்கொண்டு இருப்பது நாம்தான். தீர்மானம் உங்கள் முன் வாசிக்கப்படும்.

பாலைமரம் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 கஜா புயலில் நம் காடு பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது. அடித்துச் செல்லப்பட்ட மான்கள் காரைக்கால் வரை செத்து ஒதுங்கின. சாய்ந்த மரங்கள் சில அடியிலிருந்து துளிர்த்திருக்கின்றன. ஆனால் பாலை மெதுவாக வளரும் மரம். நம் பேரன் காலத்தில்தான் பழைய பருமனுக்கு வரும். இந்தச் சமயத்தில் பாலப்பழம் பறிக்கக் கிளையை ஒடிப்பது நல்லதில்லை. பழம் பொறுக்கவே கூடாது என்று சொல்ல எனக்கு மனமில்லை. உதட்டில் பால் ஒட்ட ஒட்டத் தின்று வளர்ந்தவன்தான் நானும். கீழே விழுந்ததைப் பொறுக்குவது வேறு, ஒடித்து மூட்டை கட்டி விற்பது வேறு. குரங்குக்கும் பறவைக்கும் கோடையில் அதுதான் சாப்பாடு.

சதுப்பைப் பொறுத்தவரை, நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலோடு வந்த மழையில் அகஸ்தியன்பள்ளி உப்பளப் பாத்திகள் மூழ்கின. உப்பளத் தொழிலாளர் உறுப்பினர்கள் வேலையின்றி இருந்த நாட்களுக்குச் சங்க நிதியிலிருந்து அரிசி கொடுத்தோம். தண்ணீர் ஏறிக் கிடந்தால் பூநாரைக்கும் கஷ்டம்தான். முழங்கால் ஆழத்துக்குள் தண்ணீர் இருந்தால்தான் தலையைக் கவிழ்த்து இரை அரிக்க முடியும். இந்த வருடம் பூநாரை குறைவு என்று நாம் புலம்புவதற்கு முன் தண்ணீர் மட்டத்தையும் பார்க்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளைப் பறவை பார்க்க அழைத்துப்போனோம். கொசு உள்ளானைக் காட்டி, சிட்டுக்குருவி அளவே இருக்கும் இது வடதுருவப் பக்கத்திலிருந்து வருகிறது என்றதும், ஒரு பையன் “டிக்கெட் எவ்வளவு?” என்றான். காலில் வளையம் போட்ட பறவை வலையிலோ கரையிலோ கிடைத்தால், வளையத்து எண்ணைக் குறித்து, நம்மூரிலேயே பல காலமாக ஆய்வு செய்துவரும் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தாரிடம் சொல்லுங்கள். வளையத்தைக் கழற்றிப் பிள்ளைக்கு விளையாடக் கொடுக்காதீர்கள்.

ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கடலாட வந்த கூட்டம் விட்டுப்போன துணி, பாட்டில், இலை எல்லாவற்றையும் மறுநாள் இளைஞர் அணியினர் வாரினார்கள். ஈரத்துணி மணலில் புதைந்தால் இழுத்து எடுப்பது லேசில்லை. மஞ்சப்பை கொடுத்துப் பார்த்தோம். பையையும் போட்டுவிட்டுப் போனார்கள். வரும் ஆண்டு துணி போடத் துறையிலேயே தொட்டி வைக்க உத்தேசம்.

வேதாரண்யம் சாலையில் மான் அடிபடுவது நிற்கவில்லை. வேகத்தடை கேட்டுச் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு மனு போட்டோம், நினைவூட்டலும் போட்டோம்; “பரிசீலனையில் உள்ளது” என்று பதில் வந்திருக்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ நாவல் படித்துவிட்டுப் புதைகுழி எங்கே, கலங்கரை விளக்கம் எங்கே என்று காரில் பறந்துவரும் விருந்தாளிகளுக்கு, சோழர் காலத்து விளக்கின் மிச்சம் 2004 சுனாமியோடு போய்விட்டது, நிதானமாக வாருங்கள் என்று ஒரு பலகை வைக்கலாம் என்பது என் யோசனை. தலைவர் சிரித்தார்; ஒப்புதல் தரவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் பெயரை இந்த முறையும் வாசிக்கவில்லை. புதிய செயற்குழுவுக்கு மனு கொடுப்பவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன் கொடுத்துவிடவும். கோடியக்காட்டுப் பக்கத்திலிருந்து பெண் உறுப்பினர் ஒருவராவது வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்