பொன்னாடை வேண்டாம், ஓர் அறை போதும்

கெடா மாநிலம், பீடோங் வட்டார ஆலய நிர்வாகக் குழுவினருக்கும் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நன்கொடை கேட்டு இதை எழுதவில்லை. வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை வேண்டும். குடியை விட நினைப்பவர்கள் அங்கே உட்கார்ந்து பேசுவார்கள். அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் குடியை நிறுத்திக் கொஞ்ச காலம் ஆகிறது. அவர் போகிற கூட்டம் பினாங்கில் நடக்கிறது. சுங்கைப்பட்டாணி வரை மோட்டார் சைக்கிள், அங்கிருந்து கொமுட்டர் ரயிலில் பட்டர்வொர்த், அப்புறம் ஃபெரி. திரும்பி வருவதற்குள் எங்கள் தமானே, குடியிருப்பே, தூங்கியிருக்கும். ஷிப்ட் மாறினால் அந்த வாரம் கூட்டம் கிடையாது. இணையத்திலும் நடக்கிறது, உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டில் கூடத்தில் தும்மினால் பக்கத்து வீட்டில் கேட்கும். அங்கே உட்கார்ந்து எந்த ஆம்பளை மனம் விட்டுப் பேசுவார்?

ஏ.ஏ. என்று சொல்லும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் அது. 1935-இல் பில் என்ற நியூயார்க் பங்குத் தரகர் தொழில் விஷயமாக அமெரிக்காவிலேயே ஆக்ரன் என்ற ஊருக்குப் போனார். காரியம் கெட்டது. ஹோட்டலில் தனியாக நிற்கிறார், பக்கத்திலேயே மதுக்கூடம். அவர் உள்ளே போகாமல், அந்த ஊர்த் தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்துப் போன் போட்டார். தன்னைப் போல் குடியில் மாட்டிய இன்னொருவரோடு பேச வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப், ஓர் அறுவை மருத்துவர், அவரும் மொடாக்குடி. இந்த இரண்டு பேரும் பேசியதில் தொடங்கியதுதான் ஏ.ஏ.

புத்தி சொல்ல ஆள் தேடி அவர் போன் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் புத்தி சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. பெரியப்பா சொல்வார், மச்சான் சொல்வார், தலைவர் மைக் பிடித்துச் சொல்வார். அதே குழியில் விழுந்து எழுந்த ஆள்தான் கிடைப்பதில்லை. இத்தனைக்கும் அப்படிப்பட்டவர்கள் நாலு தெரு தள்ளித்தான் இருப்பார்கள்.

குடிக்கு எதிராக எழுந்து நின்ற ஊர்தான் இது. ஏ.எம். சாமி தலைமையில் இங்குள்ள ஹார்வர்ட் ரப்பர் தோட்டத்துத் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து இறங்கியதும், 1947-இல் போலீஸ் அதை அடக்கியதும் பெரியவர்களுக்குத் தெரியும். அன்று தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது, கடையை எதிர்த்ததில் நியாயம் இருந்தது. இன்று எந்தக் கடையை எதிர்ப்பது? 2017 டிசம்பரில் மது வாங்கும் வயதை 18-இலிருந்து 21-ஆக உயர்த்தினார்கள். நல்லதுதான். ஐம்பதைத் தாண்டிய என் வீட்டுக்காரரை அது என்ன செய்யும்?

ஏற்கெனவே ஓர் இடத்தில் கேட்டுப் பார்த்தோம். உடனே சரி என்றார்கள். கையோடு திறப்பு விழா, பேனர், வருகிறவர்களுக்குப் பொன்னாடை, பத்திரிகைக்குப் படம் என்று போய்விட்டார்கள். நல்ல மனசுதான், ஆனால் வருகிற நாலு பேரும் ஓடிவிடுவார்கள். ஏ.ஏ.-வில் முழுப்பெயர்கூடக் கேட்பதில்லை. குடியை நிறுத்தும் ஆசை இருந்தால் போதும், சேரலாம். கட்டணம் கிடையாது. செலவுக்கு அவர்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக்கொள்வார்கள், வெளியார் பணத்தை வாங்க மாட்டார்கள். ஆகவே இலவசம் என்று சொல்லாமல் ஒரு சிறு வாடகை வாங்கிக்கொள்ளுங்கள்.

கோவில் மண்டபம் தருவதாக இருந்தால் நன்றி. ஆனாலும் டியூஷன் வகுப்பு நடக்கும் கடைவீட்டு மாடி இன்னும் பொருத்தம். யார் எதற்குப் படியேறுகிறார் என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது. இது சின்ன ஊர், வாசலில் நிற்கும் மோட்டாரைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். தேவாலயம் போகிறவரும் எதையும் கும்பிடாதவரும் தயங்காமல் வரவேண்டும் என்பது இன்னொரு காரணம். அந்தக் கூட்டத்தில் கடவுள் பேச்சு உண்டு, ஆனால் அவரவர் புரிந்துகொண்ட கடவுள்.

ஆலயத்தாரிடம் தனியாக ஒன்று. சாமி முன்னால் சத்தியம் வாங்கிக் கயிறு கட்டுகிறீர்கள். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பல வருடமாகத் தினமும் நிறையக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கத்தோடு நிற்காது. வலிப்பு வரலாம், மூன்றாம் நாள் வாக்கில் புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். கயிற்றுக்கு முன்னால் அவரை அரசாங்க கிளினிக்குக்கு அனுப்புங்கள். பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். எவ்வளவு குடித்தார் என்பதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புங்கள். கூட்டம் மருந்துக்கு மாற்று அல்ல.

குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. எங்களுக்கும் பேச நிறைய இருக்கிறது, அதை அடுத்த மடலில் கேட்கிறேன்.

நாளைப் பற்றி ஒரு வார்த்தை. கெடாவில் வெள்ளி, சனி அரசாங்க விடுமுறை, சில தொழிற்சாலைகளில் ஞாயிறு. அதனால் வியாழன் மாலையே பாட்டில் திறப்பவரும் உண்டு, சனிக்கிழமைக்காகக் காத்திருப்பவரும் உண்டு. முடிந்தால் சனிக்கிழமை ஏழு மணிக்குக் கொடுங்கள், இல்லையென்றால் வியாழன். பத்து நாற்காலி, ஒரு மின்விசிறி, தேத்தண்ணிக்கு ஒரு கேத்தல் போதும். சாவியை யாரிடம் வாங்குவது என்று மட்டும் சொல்லுங்கள். என் தொடர்பு எண்ணை உங்கள் செயலாளர்களிடம் தனித்தனியே கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பீடோங்கிலிருந்து ஒரு குடும்பத் தலைவி
(பெயர் போடாத காரணம் மேலேயே இருக்கிறது.)