அக்காவுக்குப் புதன்கிழமைப் படங்கள்

சேன் தெனி, பாரிஸ் அருகில்,
15.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். அங்கே நீ, மாமா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். ஆகஸ்டில் புதுச்சேரிக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடுகிறேன்.

போன வாரம் போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஓடிடியைத் திறந்தால் எல்லாப் படத்துக்கும் நாலு நட்சத்திரம், நாலரை நட்சத்திரம். நம்பி உட்கார்ந்தால் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை என்றாய். "நீ பார்த்ததில் எது தேறும், எது தேறாது, அதை மட்டும் எழுது" என்றாய். போனில் சொன்னால் பேச்சு எங்கெங்கோ போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

இந்த ஊரில் புதுப்படம் வெள்ளிக்கிழமை வராது, புதன்கிழமைதான் வரும். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் எனக்கு வார விடுமுறை புதன்கிழமை. சின்னவனுக்கும் அன்று பிற்பகலில் பள்ளி கிடையாது. பாசிலிக்கா மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் லெக்ரான் என்று ஒரு சிறிய தியேட்டர் இருக்கிறது. பிரெஞ்சு ராஜாக்களில் பெரும்பாலானவர்களைப் புதைத்த பெரிய கோயிலும் அங்கேதான். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பல தியேட்டர்களில் 4 யூரோதான் டிக்கெட். இடைவேளை கிடையாது. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதும் பலர் எழுந்திருக்க மாட்டார்கள். லைட்மேன், டிரைவர் பெயர்கூட ஓடி முடியட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள். இந்த ஊரில் எனக்கு முதலில் பிடித்துப்போன பழக்கம் அதுதான். வெளிநாட்டுப் படங்களை இதுபோன்ற தியேட்டர்களில் அந்தந்த மொழியிலேயே ஓட்டுவார்கள், கீழே பிரெஞ்சில் எழுத்து வரும். ஜப்பான்காரர் பேசப் பேச, பிரெஞ்சு எழுத்தைப் படித்துக்கொண்டு, தமிழில் யோசித்துக்கொண்டு படம் பார்க்கிறேன். என் பிரெஞ்சு கொஞ்சம் தேறியதற்கு வகுப்பைவிட இந்தப் படங்கள்தான் காரணம்.

இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும். இங்கே ஒவ்வொரு டிக்கெட்டிலும் 10.72 சதவீதம் தனி வரியாகப் போகிறது. 1946இல் தொடங்கிய தேசிய சினிமா மையம் என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பணம் அங்கே சேர்ந்து, திரும்பப் படம் எடுப்பதற்கும் தியேட்டர்களுக்கும் வருகிறது. அமெரிக்கப் படத்துக்கு ஒருவர் டிக்கெட் வாங்கினாலும் அதில் ஒரு பங்கு ஏதோ ஒரு சின்னப் படத்துக்குப் போய்ச் சேரும். நம் ஊரிலும் கேளிக்கை வரி என்று வாங்கினார்கள். அது சினிமாவுக்கே திரும்பி வந்திருந்தால் எத்தனை நல்ல படம் வந்திருக்கும் என்று தோன்றும்.

சரி, தீர்ப்பு விஷயத்துக்கு வருகிறேன். விகடனில் மார்க் போட்ட காலம் உனக்கு நினைவிருக்கும். '16 வயதினிலே'வுக்கு 62.5 என்பதை அப்பா எத்தனை முறை சொல்லியிருப்பார்! இங்கே கய்யே து சினிமா என்று 1951இல் தொடங்கிய பத்திரிகை ஒன்று. அதில் பத்து விமர்சகர்கள் ஒரே கட்டத்தில் தீர்ப்புப் போடுவார்கள். கறுப்புப் புள்ளி என்றால் அந்தப் பக்கமே போகாதே. ஒரு நட்சத்திரம் என்றால் வேறு வழியில்லாவிட்டால் பார். இரண்டு என்றால் பார், மூன்று என்றால் கட்டாயம் பார், நாலு என்றால் மாபெரும் படைப்பு. ஒரே படத்துக்கு ஒருவர் நாலு போட்டிருப்பார், பக்கத்துக் கட்டத்தில் இன்னொருவர் கறுப்புப் புள்ளி வைத்திருப்பார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வானொலியிலும் 1955 முதல் ஒரு நிகழ்ச்சி வருகிறது. விமர்சகர்கள் மக்கள் முன்னால் உட்கார்ந்து ஒரு படத்துக்காகச் சண்டை போடுவார்கள், கூட்டம் சிரிக்கும், கத்தும். சாம்பார் கொதிக்கும்போது நான் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். தீர்ப்பு ஒரே வரியில் இருக்கலாம், ஆனால் அந்த வரியில் காரணம் இருக்க வேண்டும் என்பதை அவர்கள் சண்டையிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். வெறும் நட்சத்திரத்தை வைத்து உனக்கு அந்தப் படம் ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள முடியாது.

என் அளவுகோல் ஒன்றுதான். படத்தில் வருகிற ஆள் என்ன வேலை செய்கிறான், அந்த வேலையைப் படம் எடுத்தவர்கள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்களா? படுக்கையில் கிடக்கும் பெரியவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டுமென்றால், தொடுவதற்கு முன் அவரிடம் சொல்ல வேண்டும். ஒரு கையைத் தோளுக்குப் பின்னால், இன்னொரு கையை இடுப்பில் வைத்து, அவர் மூச்சு விடும் நேரம் பார்த்துத் திருப்ப வேண்டும். சினிமாவில் நர்ஸாக வருகிறவர் தலையணையைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். அங்கேயே எனக்கு அந்தப் படத்தின் மேல் நம்பிக்கை போய்விடும்.

இந்த அளவுகோலில் முதலில் நிற்பது 'பெர்ஃபெக்ட் டேஸ்'. ஜெர்மனிக்காரர் விம் வெண்டர்ஸ் டோக்கியோவில் எடுத்தது. பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்கிற ஒரு பெரியவரின் நாட்கள்தான் கதை. நடித்தவர் கோஜி யாகுஷோ, 2023இல் இங்கே நடக்கும் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கம் சுத்தமாக இருக்கிறதா என்று அவர் ஒரு சின்னக் கண்ணாடியை நீட்டிப் பார்ப்பார். அந்தக் காட்சிக்காகவே படத்துக்கு எழுந்து நின்று கைதட்டலாம். எந்த மேஸ்திரியும் எட்டிப் பார்க்காத இடத்தையும் சுத்தம் செய்கிற மனிதரை அந்தக் கண்ணாடி காட்டிவிட்டது. குறை ஒன்று உண்டு: அந்தக் கழிப்பறைகள் எல்லாம் பெரிய கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்தவை, படத்தில் உண்மையான அழுக்கே வராது. நான் தினமும் பார்ப்பது வேறு. இருந்தாலும் கட்டாயம் பார்.

'அனட்டமி ஆஃப் எ ஃபால்' 2023இல் கான் விழாவின் முதல் பரிசான தங்கப்பனை வாங்கிய படம், ஜுஸ்தின் த்ரியே இயக்கியது. கணவன் மாடியிலிருந்து விழுந்து செத்துக்கிடக்கிறான், தள்ளியது மனைவியா என்று வழக்கு. எல்லோரும் குற்றவாளி யார் என்று பார்த்தார்கள். நான் வேறொன்றைப் பார்த்தேன். அவள் ஜெர்மன்காரி. பிரெஞ்சு நீதிமன்றத்தில் பிரெஞ்சிலேயே பேசப் பார்க்கிறாள், முடியாமல் ஆங்கிலத்துக்கு மாறுகிறாள். தன் பக்கத்து நியாயத்தைத் தனக்குச் சரியாக வராத மொழியில் சொல்ல வேண்டிய கஷ்டம் எனக்குத் தெரியும். ஓர் அலுவலகத்தில் காகிதத்துக்காக உட்கார்ந்திருந்தபோது, மனதில் பத்து வாக்கியம் இருக்க, வாயில் "ஆமாம், மேடம்" மட்டும்தான் வந்தது. பொறுமை இருக்கும் நாளில் பார், நீளம் அதிகம்.

அடுத்ததை எழுதத்தான் இந்தக் கடிதமே. 'ஆல் வீ இமாஜின் ஆஸ் லைட்'. பாயல் கபாடியா எடுத்தது. 2024இல் கான் விழாவில் இரண்டாம் பெரிய பரிசான கிராண்ட் ப்ரீ வாங்கியது. 30 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் போட்டிக்குள் போன இந்தியப் படம். மும்பையில் வேலை பார்க்கும் இரண்டு மலையாள நர்ஸுகள், பிரபாவும் அனுவும். அதே ஆஸ்பத்திரியில் சமையல் வேலை செய்யும் பார்வதி. அவள் குடியிருந்த இடத்தைக் கட்டடக்காரர்கள் பறிக்கிறார்கள். பிரபாவின் கணவன் கல்யாணமானதும் ஜெர்மனிக்குப் போனவன், பேச்சே இல்லை. ஒருநாள் ஒரு பார்சல் வருகிறது. உள்ளே ஜெர்மனியில் செய்த சிவப்பு நிற ரைஸ் குக்கர். கடிதம் இல்லை, பெயர் இல்லை. இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு பிரபா தரையில் உட்கார்ந்து அந்தக் குக்கரைக் கட்டிக்கொள்கிறாள். பின்னணியில் யாரும் அழுது நம்மை அழச் சொல்லவில்லை.

அக்கா, வெளிநாட்டிலிருந்து சாமான் அனுப்பும் கை என்னுடையது. பெட்டியில் சாக்லேட்டும் சோப்பும் அடுக்கும்போது ஒரு வரியாவது எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணம் இந்தப் படத்துக்குப் பிறகு பிடிவாதமாகவே ஆகிவிட்டது. கனி குஸ்ருதி நர்ஸாக நடக்கும் நடையைப் பார், டியூட்டி முடிந்த காலின் நடை அது. படத்தின் தொடக்கத்தில், பிழைக்க வந்தவர்கள் பல மொழிகளில் பேசும் குரல்கள் மட்டும் நகரத்துக்கு மேலே கேட்கும். லெக்ரானில் என் பக்கத்து இருக்கையில் இருந்த அல்ஜீரிய அம்மாவுக்கு அந்த மொழி ஒன்றும் தெரியாது. ஆனால் குக்கர் வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார். நாலு நட்சத்திரம், தயங்காமல்.

இந்தப் படத்தை ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பவில்லை. பிரெஞ்சுத் தயாரிப்பும் சேர்ந்தது என்பதால் பிரான்ஸ் தன் இறுதிப் பட்டியலில் இதையும் வைத்திருந்தது, பிறகு 'எமிலியா பெரேஸ்' படத்தைத் தேர்ந்தெடுத்தது. அது 13 ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. என் தீர்ப்பு கறுப்புப் புள்ளி. மெக்சிகோவில் காணாமல்போனவர்களின் துயரத்தை எடுத்துக்கொண்டு, பெரும்பகுதியைப் பாரிஸுக்குப் பக்கத்து ஸ்டூடியோவில் பாட்டும் ஆட்டமுமாக எடுத்திருக்கிறார்கள். பிள்ளையைத் தேடி அலைந்த ஒரு தாயின் வீட்டு வாசலில்கூடக் கேமரா நிற்கவில்லை. எத்தனை பரிசு கொடுத்தாலும் என் மனது ஆறாது.

'மான்தே கிறிஸ்தோ' மூன்று மணி நேரம், பிரான்ஸில் 90 லட்சம் டிக்கெட்டுக்கு மேல் விற்றது. பழிவாங்கும் கதை, நம் பழைய படங்கள் பிடித்த மாமாவுக்கு ரொம்பப் பிடிக்கும். 'ஃப்ளோ' லாட்வியா நாட்டு அனிமேஷன். வெள்ளத்தில் ஒரு பூனை, நாய், இன்னும் சில பிராணிகள் ஒரே படகில். ஒரு வசனமும் கிடையாது. அதனால் சின்னவனும் அவனுடைய மாலி நாட்டுச் சிநேகிதனும் நானும் சமமாகப் புரிந்துகொண்டோம். பிள்ளைகளுக்கு இன்றே போட்டுக் காட்டு.

தமிழில் 'மெய்யழகன்'. நீ அழுதாய் என்று சொன்னாய், நானும் அழுதேன். வெளியான பிறகு நீளம் என்று 18 நிமிடம் வெட்டினார்களாமே, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போனவன் ஓர் இரவில் ஊரோடு பேசித் தீர்க்க அவ்வளவு நேரம் வேண்டும்தான். 'டூரிஸ்ட் ஃபேமிலி'யை பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பெலில் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துத் தோழியோடு பார்த்தேன். இலங்கையிலிருந்து ராமேஸ்வரம் வழியாகச் சென்னைக்கு வந்து ஒளிந்து வாழும் குடும்பம். சசிகுமாரும் சிம்ரனும் மனதில் நிற்கிறார்கள். ஆனால் தெரு முழுக்க அத்தனை சீக்கிரம் நல்லவர்களாகிவிடுவது நடக்காத காரியம். தோழி சிரித்த இடத்தில் சிரித்தாள், வெளியே வந்து, "எங்களுக்கு இப்படி ஒரு தெரு கிடைக்கேல்லை" என்று மட்டும் சொன்னாள். இரண்டு நட்சத்திரம்.

கடைசியாக ஒன்று, இது சித்தப்பா மகனுக்காக. ஏஜென்ட்டிடம் பணம் கட்டிப் பிரான்ஸுக்கு வந்து, சாப்பாடு டெலிவரி செய்து பிழைத்துக்கொள்ளப் போவதாக அம்மாவிடம் சொன்னானாம். அவனை 'சுலைமானின் கதை' பார்க்கச் சொல். 2024இல் வந்தது, போரிஸ் லோஜ்கின் இயக்கியது. மேற்கு ஆப்பிரிக்காவில் கினி நாட்டிலிருந்து வந்த பையன் பாரிஸில் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகிறான். டெலிவரி ஆப்பில் அவன் பெயரில் கணக்கு கிடையாது; வேறொருவனுடைய கணக்கை வாடகைக்கு எடுத்திருக்கிறான். ஆப் திடீரென்று முகத்தைக் காட்டச் சொன்னால், கணக்குக்காரன் இருக்கும் இடத்துக்குச் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓட வேண்டும். சம்பாதிப்பதில் பாதி அவனுக்குப் போய்விடும் போலிருக்கும். இரவுப் பேருந்தைத் தவறவிட்டால் தங்குமிடம் போச்சு. இதற்கு நடுவில், அகதி மனு விசாரணையில் சொல்வதற்குக் காசு கொடுத்து வாங்கிய பொய்க்கதையைத் தெருத்தெருவாக மனப்பாடம் செய்கிறான். நடித்த அபு சங்காரே நிஜமாகவே கினியிலிருந்து பிள்ளை வயதில் வந்த மெக்கானிக். கான் விழாவில் நடிப்புப் பரிசு வாங்கியபோதும் அவர் கையில் தங்கும் அனுமதி கிடையாது; மனு மூன்று முறை நிராகரிக்கப்பட்டிருந்தது. 2025 ஜனவரியில்தான் ஓர் ஆண்டுக்கு அனுமதி கொடுத்தார்கள், அடுத்த மாதமே பிரெஞ்சு சினிமாவின் செசார் விருதும் வந்தது. எங்கள் தெருமுனை உணவகத்துக்கு வெளியே மழையில் பச்சைப் பையோடு நிற்கும் பையன்களைத் தினமும் பார்க்கிறேன். படத்தில் ஒரு பொய்யும் இல்லை.

தம்பி இதைப் பார்க்காமல் ஏஜென்ட் கையில் ஒரு பைசா கொடுக்க வேண்டாம். பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்யட்டும், புதன்கிழமை பகலில் வீட்டில் இருப்பேன். முறையாகப் படிப்பு விசாவில் வருவதற்கு என்னென்ன வேண்டும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். முதலில் பிரெஞ்சு வகுப்பில் சேரட்டும், அலியான்ஸ் பிரான்சேஸ் அங்கேயே இருக்கிறது. கட்டணத்தை நான் அனுப்புகிறேன் என்று சித்தப்பாவிடம் சொல்.

அன்புடன்,
உன் தங்கை